தங்கவயலுக்கு ஒரு பயணம்

கேள்வி: ஆஸ்திரேலியாவில் கேரவன் வண்டியிலேயே சமைத்து, தூங்கி, பொட்டல்காடு தாண்டித் தங்கச் சுரங்க ஊருக்குப் போகிறார்களாமே! நாங்கள் எங்கே போவது?
– வாசகர் ஒருவர், வத்தல்மலை

பதில்: அவர்கள் போவது கால்கூர்லிக்கு. பெர்த்திலிருந்து சுமார் 600 கிலோமீட்டர். அங்கே 1893-ல் தங்கம் கிடைத்தது, குடிக்கத் தண்ணீர்தான் இல்லை! 1903-ல் 500 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டுக் கொண்டுபோனார்கள்.

உங்களுக்கு அவ்வளவு தூரம் எதற்கு? கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, தர்மபுரி, கிருஷ்ணகிரி, குப்பம் வழியாகப் போனால் கோலார் தங்கவயல். மூன்று மாநிலம் பார்த்தாயிற்று. காலையில் குடித்த மலைக் காப்பியின் ருசியும் நாக்கில் இருக்கும். 3 கிலோமீட்டருக்கும் கீழே, பாறை வெடிக்கும் வெக்கையில் அந்தத் தங்கத்தை வெட்டியவர்களில் வடஆற்காடு, சேலம் ஜில்லாத் தமிழர்கள் ஏராளம். 1965 வரை உங்கள் தர்மபுரியும் சேலம் ஜில்லாதான். தங்கம் கழுத்துக்கு வந்தது, பாறைத்தூசி அவர்கள் நுரையீரலுக்குப் போனது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பழைய தொழிலாளி ஒருவர் வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் உட்காருங்கள். தமிழிலேயே பேசுவார்.