கழுத்து எரியச் சவரம் செய்வது எப்படி?

பரிஸ் புறநகரான கூசேன்வில்லில் இருந்து சனிக்கிழமை சாமத்தியவீட்டுக்குப் போகிற அண்ணைமாருக்கும் தம்பிமாருக்குமான கைநூல் இது. வெள்ளிக்கிழமை சவரம் எடுக்கும்போது இதில் உள்ளபடி நடந்தால், மறுநாள் மண்டபத்தில் வீடியோக்காரர் லைட்டைத் திருப்பும் நேரத்துக்குக் கழுத்து கொவ்வைப்பழமாகச் சிவந்திருக்கும். எரிவு அன்றைக்கே தொடங்கலாம். மொட்டு மொட்டாகத் தடிப்பு எழும்ப ஒன்றிரண்டு நாள் எடுக்கும். செய்த வேலைக்கும் கிடைத்த பலனுக்கும் இடையில் இவ்வளவு இடைவெளி இருப்பதால் கத்தியை ஒருவரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

1. பிந்தி எழும்புங்கள். இரவு றெஸ்ரோறன்டில் கோப்பை கழுவி வந்தவருக்கு இது தானாகவே அமையும். தாடிமயிர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் மெதுமையாகி, இழுபடாமல் வெட்டுப்படும். நாங்கள் மிச்சம் பிடிக்கப்போவது அந்த மூன்று நிமிடத்தைத்தான். குளித்த கையோடு சவரம் எடுப்பது அறவே கூடாது. தோலுக்குச் சுகமாகப் போய்விடும்.

2. நுரைக்காக மினக்கெடாதீர்கள். பரிஸ் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. கேத்திலின் அடியில் படிந்திருக்கும் வெள்ளையே சாட்சி. அதில் சவர்க்காரம் லேசில் நுரைக்காது. ஆகவே கை கழுவுகிற சவர்க்காரத்தை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் தொடங்குங்கள். சவரக் கிறீமைத் தடவிச் சற்றுப் பொறுத்திருப்பவர்கள் வேலைவெட்டி இல்லாதவர்கள்.

3. பழைய றேசரைக் கைவிடாதீர்கள். பரிஸை ஒட்டிய கிளிஷியில் இருக்கிற பிக் கம்பனி, பாவித்துவிட்டு எறிகிற றேசரை 1975இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. எறிவதற்கென்றே செய்த சாமானைத் தைப்பொங்கலில் இருந்து தீபாவளி வரை பாவிப்பது எங்கள் சனத்தின் திறமை. ஐந்து தொடக்கம் ஏழு சவரத்தோடு பிளேட்டை மாற்றச் சொல்வார்கள் தோல் வைத்தியர்கள். அவர்களுக்கென்ன, ஊருக்குக் காசு அனுப்புகிற கவலையா? பாவித்த பிறகு குளியலறை ஈரத்திலேயே அதைப் போட்டுவையுங்கள். உலர்ந்த இடம் அதற்கு ஆகாது.

4. மயிர் வளரும் திசைக்கு எதிராக இழுங்கள். திசையை அறிய விரலால் ஒருமுறை தடவினால் போதும். கழுத்தில் அது மேல்நோக்கியும் பக்கவாட்டிலுமாக இடத்துக்கு இடம் மாறும். அதை அறிந்து தொலைக்காதீர்கள். தோலை மற்றக் கையால் நன்றாக இழுத்துப் பிடித்து, ஐந்து பிளேட் றேசரை அழுத்துங்கள். முதல் பிளேட் மயிரைத் தூக்க, அடுத்தது வெட்ட, மிச்ச மயிர் தோலுக்குக் கீழே பதுங்கும். எங்களைப்போலச் சுருட்டை மயிர்க்காரருக்கு அந்தக் கூரான நுனி வளைந்து தோலுக்குள்ளேயே வளரும். தடிப்பு எழும்புகிற சூட்சுமம் அதுதான். ஒரு பிளேட் றேசரால் மேலோட்டமாக வழித்து, நுனியளவு மயிரை விட்டுவைப்பவர்களுக்கு இந்தப் பாக்கியம் கிடைக்காது.

5. பரிஸ்காரர் சொன்னதைக் கேளாதீர்கள். ஜோன் ஜாக் பெரே என்ற கத்தி செய்கிற மாஸ்ரர், தன் முகத்தைத் தானே வழிப்பது எப்படி என்று 1769இல் இந்த நகரத்திலேயே ஒரு புத்தகம் போட்டார். தச்சரின் சீவுளியைப் பார்த்து, ஆழமாக வெட்டாதபடி சவரக்கத்திக்கு மரக்காப்பும் பூட்டினார். ஆள் அவசரம் தெரியாதவர்.

6. கடைசியில் ஓடிக்கொலோனைக் கவிழ்த்து ஊற்றுங்கள். எரிந்தால்தான் சுத்தம். குளிர்தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசமில்லாத கிறீம் பூசுவது புதுமாப்பிள்ளை வேலை. பரிஸில் எங்கள் கடைத்தெருவான லாச்சப்பலில் சலூனில் தேய்க்கிற படிகாரத்தைக் கண்டு வாங்கி வந்திருந்தால், அதையும் உரஞ்சுங்கள். சின்னக் கீறலில் வருகிற இரத்தத்தை அது நிறுத்தும். உள்ளே வளைகிற மயிரை நிறுத்தாது. எங்களுக்கு வசதிதான்.

7. சனிக்கிழமை காலை, அரும்பத் தொடங்கிய தடிப்பின் மேலேயே இன்னொருதரம் வழியுங்கள். வேலை பூர்த்தி.

8. பழியை ஆயத்தமாக வைத்திருங்கள். “என்ன அண்ணை, அம்மாள் வருத்தமோ?” என்று மண்டபத்தில் கேட்பார்கள். தண்ணீரில் கல்கேர், அதுதான் அந்தச் சுண்ணாம்பு, என்று சொல்லலாம். 1974இல் சார்ல் து கோல் விமான நிலையம் திறந்து கூசேன்வில்லின் பழைய ஊரையே வெறுமையாக்கியது. அந்த விமானப் புகை என்றும் சொல்லலாம். மச்சாள் வைத்த நண்டுக்குழம்பு என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த எரிவுக்கு மருந்தில்லை.

9. ஒரு மாதம் சவரமே எடுக்காதீர்கள். மன்னிக்கவும், இது தவறிப்போய் உண்மையாகவே குணமாக்குகிற வழி. உள்ளே வளைந்த மயிர் தானாக வெளியே வரும். சீழ் பிடித்தாலோ காய்ச்சல் வந்தாலோ வைத்தியரிடம் போகவேண்டும். தாடியைக் கண்டு விசாரிக்கிறவர்களிடம் லாச்சப்பல் மாணிக்கப் பிள்ளையாருக்கு நேர்த்தி, தேர் முடியுமட்டும் வழிக்கமாட்டேன் என்று சொல்லுங்கள். மரியாதையாகத் தலையாட்டுவார்கள். தேருக்குச் சிதறுதேங்காய் எத்தனை என்று கேட்டால்தான் செலவு.