அந்தரத்தில் தொங்கும் வேலைகள்

கேள்வி: ‘ஒருவர் கையில் இரண்டு வேலைக்கு மேல் கூடாது’ என்கிறார் எங்கள் மேனேஜர். கையில் இருப்பதைக் குறைத்தால் டீம் எப்படி வேகமாகும்?

பதில்: பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பது மேனேஜருக்குத் தெரிந்திருக்கிறதே, சந்தோஷப்படுங்கள்!

பழமொழி போதாது, கணக்கு வேண்டுமா? 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி இருக்கிறது. வாரம் 5 வேலை முடிக்கும் டீமின் கையில் 20 வேலை இருந்தால், ஒரு வேலை முடிய சராசரியாக 4 வாரம். அதே வேகத்தில் 10 மட்டும் இருந்தால் 2 வாரம்.

2004-ல் மைக்ரோசாஃப்டுக்காக ஹைதராபாத்தில் இயங்கிய ஒரு சிறு பராமரிப்பு டீம் ஒரு திருத்தத்துக்கு ஏறக்குறைய ஐந்து மாதம் எடுத்துக்கொண்டது. மேலாண்மை நிபுணர் டேவிட் ஆண்டர்சன் யோசனைப்படி கையில் எடுக்கும் வேலைக்கு உச்சவரம்பு வைத்தார்கள். நேரத்தைத் தின்ற எஸ்டிமேட் போடுவதையும் நிறுத்தினார்கள். ஒரு வருஷத்துக்குள் அந்த ஐந்து மாதம் இரண்டு வாரமாகச் சுருங்கியது.

வரம்பு வேலை செய்வது இப்படி: வேலைகளை அட்டைகளாக ஒட்டிய போர்டில் ‘டெஸ்டிங்’ கட்டத்துக்கு மேல் 3 என்று எழுதியிருந்தால், நாலாவது அட்டை உள்ளே போகாது. கோடு எழுதி முடித்த டெவலப்பர் புது வேலையைத் தொடாமல், டெஸ்டருக்குக் கைகொடுக்க வேண்டும். நெரிசல் எங்கே என்பது அன்றைக்கே அம்பலமாகிவிடும். வரம்பை ரொம்பவும் இறுக்கினால் ஆள் சும்மா உட்காருவதும் உண்டு. அதனால் எண்ணைப் போட்டுப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

ஒரே சந்தேகம்: மூன்றாவது வேலையை ‘அர்ஜென்ட்’ என்று நீட்டப்போவது யார், அதே மேனேஜர்தானே?