சேர்க்கும் நோக்கம்

கிரிக்கெட் சம்மர் கேம்ப் விண்ணப்பத்தில் 'சேர்க்கும் நோக்கம்' என்று ஒரு கட்டம். 'உடல்நலம், ஒழுக்கம், கூட்டு மனப்பான்மை' என்று கூசாமல் எழுதினேன். என் ஆறு வயது மகளுக்கு அவ்வளவு கூட்டு மனப்பான்மை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. 'ராத்திரி ஒன்பதுக்குள் தானாகத் தூங்கிவிட வேண்டும்' என்பதுதான் நிஜம். அதை எப்படி எழுதுவது? நடந்தது என்னவோ, வீடு திரும்பும்போதே ஸ்கூட்டரில் தூங்கிவிடுகிறாள். எட்டு மணிக்கு எழுந்து பதினொன்று வரை ஆடுகிறாள்.

மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால் மற்றவர்களின் நோக்கமும் தானாக வெளியே வரும். "வீட்ல நான் கத்தினா கேக்க மாட்டான், இங்க விசிலுக்குப் பயப்படுறான்" என்பார் ஒரு பாட்டி. ஓர் அம்மாவுக்கு வாரத்தில் சூடாகக் காபி குடிக்கக் கிடைப்பதே அந்த ஒரு மணி நேரம்தான். இவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

மிரள வைப்பவர் ஓர் அப்பா. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு, அதற்கு எந்தெந்தச் சான்றிதழ் செல்லும் எல்லாம் அவருக்கு அத்துப்படி. "இப்பவே ஆரம்பிச்சாதான் சார் பிளஸ் டூ முடிக்கறதுக்குள்ள ஸ்டேட் லெவல் போக முடியும்." அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது வருங்காலப் பொறியாளன் மிட் ஆஃபில் குத்தவைத்து எறும்புப் புற்றை ஆராய்ந்துகொண்டிருந்தான். பந்து அவனைத் தாண்டிப் போனது. எறும்பு போகவில்லை.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனதும் அந்த அப்பா செஸ்ஸுக்குத் தாவினார். முட்டி சிராய்க்காது, வெயில் கிடையாது, தூக்கிச் சுமக்கக் கிட் பேக்கும் இல்லை. பெற்றோருக்கென்றே கண்டுபிடித்த விளையாட்டு!

பொறுக்க முடியாமல் ஒருநாள் அவரிடம் செஸ் வீராங்கனை வைஷாலியின் கதையைச் சொன்னேன். பெண் ஓயாமல் டிவி பார்க்கிறாளே என்றுதான் பெற்றோர் அவரைச் செஸ்ஸில் சேர்த்தார்கள். அக்காவைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் காய் நகர்த்தக் கற்றான். தம்பி 2018இல் கிராண்ட்மாஸ்டர், அக்கா 2023இல். அக்கா-தம்பி இருவரும் கிராண்ட்மாஸ்டர் ஆனது உலகத்திலேயே அதுதான் முதல் முறை. "பெரிய திட்டம் ஒண்ணும் இல்லை சார், டிவியை நிறுத்தணும், அவ்வளவுதான்" என்று முடித்தேன்.

அவர் வெகுநேரம் யோசித்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"அப்ப முதல்ல ஒரு வருஷம் நல்லா டிவி பாக்க விடணும்னு சொல்றீங்க?"