கோபம் மட்டும் இலவசம்

பெறுநர்: ரோவியோ நிறுவனத்தார், எஸ்போ, பின்லாந்து.
நகல்: சேகா நிறுவனம், டோக்கியோ (2023இல் மேற்படியாரை விலைக்கு வாங்கியவர் என்ற முறையில்).
பொருள்: இரண்டாம் பாகங்கள் இலவசமாக வழங்கப்படுவதால் விளையாடுவோருக்கு ஏற்படும் செலவு குறித்து.

ஆங்கிரி பேர்ட்ஸ் 2009 டிசம்பரில் ஐபோனுக்கு வந்தது. நிறுவனத்தாரின் 52ஆவது விளையாட்டு. விலை 99 சென்ட். உண்டிவில்லில் ஒரு பறவையை வைத்து இழுத்துவிட வேண்டும். மரமும் கண்ணாடியும் கல்லும் அடுக்கிய கூட்டுக்குள் முட்டை திருடிய பச்சைப் பன்றிகள் ஒளிந்திருக்கும். பன்றிகள் ஒழிந்தால் அடுத்த லெவல். ஒழியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. நாற்பது முறை தோற்றவரிடமும் நாற்பத்தொன்றாவது முறைக்கு யாரும் காசு கேட்கவில்லை. நாற்பது தோல்விகளில் கை பழகியது. மஞ்சள் பறவையை எந்த இடத்தில் தட்டினால் மரம் உடையும், கறுப்புப் பறவையை எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வெடிக்கவிட வேண்டும் என்பதெல்லாம் விரலுக்குத் தெரிந்துபோனது. பஸ் வருவதற்குள் ஒரு லெவல் முடிந்துவிடும்.

முதல் பாகத்திலும் கடை இல்லாமல் இல்லை என்பதை நியாயம் கருதிச் சொல்லத்தான் வேண்டும். 'மைட்டி ஈகிள்' என்ற பெருங்கழுகு தனிக் காசுக்குக் கிடைத்தது. மாட்டிக்கொண்ட லெவலில் அது வந்து விழுந்து எல்லாவற்றையும் நொறுக்கிவிடும். ஆனால் அதை ஒரு முறை வாங்கினால் போதும். அடுத்த நாள் காலையில் அந்தக் கழுகு தீவனச் செலவு கேட்டதில்லை. வியாபார நோக்கில் இது பெரிய ஓட்டை. ஒரு முறை விற்ற பொருளை மறுமுறை விற்க முடியாது என்ற பழங்காலத் தடை அப்போது இன்னும் நீங்கவில்லை.

அந்தத் தடையை நீக்கும் வழி ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. செயலிக்குள்ளேயே பொருள் விற்கும் வசதியை ஆப்பிள் 2009 ஜூனில், காசு கொடுத்து வாங்கும் செயலிகளுக்கு மட்டும் கொண்டுவந்தது. அக்டோபரில் இலவசச் செயலிகளுக்கும் திறந்துவிட்டது. விற்றதில் 30 சதவீதம் கடைக்காரருக்கு. வாசலில் டிக்கெட் கிடையாது, உள்ளே ஒவ்வொரு நாற்காலிக்கும் வாடகை என்ற ஏற்பாடு அன்று தொடங்கியது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்னவர்கள், சுண்டைக்காயைச் சும்மாவே கொடுத்துவிட்டால் கூலியை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று யோசிக்கவில்லை.

2015 ஜூலையில் ஆங்கிரி பேர்ட்ஸ் 2 வந்தது. படம் அழகு, பறவைகளின் முகபாவம் அதைவிட அழகு. இலவசம். அதோடு மூன்று மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன. முதலாவது, உயிர்கள் எண்ணி வைக்கப்பட்டன. அவை தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், அல்லது 'ஜெம்' என்ற உள்நாட்டு நாணயம் கொடுக்க வேண்டும். இரண்டாவது, பறவைகள் தீர்ந்து பன்றி மிஞ்சினால் ஜெம் கொடுத்துப் பறவை வாங்கலாம், அல்லது ஒரு விளம்பரத்தைப் பார்த்துச் சம்பாதிக்கலாம். மூன்றாவதுதான் நுட்பமானது, நிறுவனத்தாரின் மூளைக்குத் தனியாக மாலை போட வேண்டிய இடம். தோற்ற லெவலை மறுபடி ஆடப் போனால் கட்டடம் மாறியிருக்கும். நேற்று இடது பக்கம் இருந்த பன்றி இன்று வேறெங்கோ, வேறு கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். மனப்பாடம் செய்தவன் தேர்வெழுதப் போனால் பாடத்திட்டம் மாறிவிட்ட கதை. கை பழகினால்தானே காசு மிச்சமாகும்? கை பழகும் வழியையே அடைத்துவிட்டால் மிச்சமிருப்பது பர்ஸ் மட்டும்.

அந்தக் கணம் எப்படி இருக்கும் என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. ஒரு லெவலுக்குள் பல அறைகள். கடைசி அறை வரை வந்தாயிற்று. கடைசிப் பறவையும் பறந்து, கல்லில் மோதி, இறகு உதிர்ந்து மறைந்தது. ஒரே ஒரு பன்றி, ஒரு பலகைக்கு அடியில், அரை உயிரோடு. ஒரு சுண்டு சுண்டினால் போய்விடும். அந்த நேரம் பார்த்துத் திரை நின்று, தொடர்வதற்கு ஜெம் கேட்கிறது. மறுத்தால் ஓர் உயிர் போகும். தாண்டி வந்த அறைகளையும் மறுபடி தாண்ட வேண்டும். விலையில்லா மிக்சி வீட்டுக்கு வந்த காலத்தில், சட்னி பாதி அரைபட்டதும் மிக்சி நின்று காசு கேட்டதாக எங்கும் புகார் இல்லை. வீரர் இங்கே வாங்குவது பறவையை அல்ல. நிறுவனத்தாரே உண்டாக்கிய எரிச்சலிலிருந்து ஐந்து நிமிட விடுதலையை. நேராகப் பணம் கேட்காமல் ஜெம் கேட்பதற்கும் காரணம் உண்டு. திருவிழா ரங்கராட்டினத்தில் டோக்கன் வாங்கியவருக்கு ஒரு சுற்று எத்தனை ரூபாய் என்ற கணக்கு மறந்துவிடும்.

இந்தக் கலையில் நிறுவனத்தார் தனியாள் இல்லை என்பது ஆறுதல். பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸோம்பீஸ் முதல் பாகத்தில் விளையாடிப் பெற்ற ஸ்னோ பீ, ஸ்குவாஷ், டார்ச்வுட் செடிகள், 2013இல் இலவசமாக வந்த இரண்டாம் பாகத்தில் நிஜக் காசுக்கு விற்கப்பட்டன. அதே செடி, அதே தொட்டி. தண்ணீருக்கு மட்டும் பில். 1997இல் கணினியில் பேர் வாங்கிய டஞ்சன் கீப்பர் 2014இல் கைபேசிக்கு வந்தபோது, சில பாறைகளைத் தோண்டி முடிக்க 24 மணி நேரம் வரை ஆனது, ஜெம் கொடுக்காதவருக்கு. அதன் ஆண்ட்ராய்டு பதிப்பு மதிப்பெண் கேட்ட விதமும் பதிவு செய்யத்தக்கது. ஒரு பொத்தானில் '5 நட்சத்திரம்', மற்றொன்றில் '1 முதல் 4 வரை'. முதலாவதைத் தொட்டால் கடைக்குப் போய் மதிப்பெண் போடலாம். இரண்டாவதைத் தொட்டால் தயாரிப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதும் இடம் வரும். அந்த ஆண்டு ஜூலையில் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம், அதை 'இலவசம்' என்று விளம்பரம் செய்தது மக்களைத் திசைதிருப்புவது என்று தீர்ப்பளித்தது.

சட்டம் அங்கங்கே கண் விழித்ததுண்டு. பெற்றோர் ஒரு முறை கடவுச்சொல் போட்டால் அடுத்த 15 நிமிடத்துக்குப் பிள்ளை கேள்வியில்லாமல் வாங்கிக்கொண்டே போகலாம் என்றிருந்ததை அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் பிடித்தது. 2014 ஜனவரியில் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பிக் கொடுக்க ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் அதன் கடையில் 'இலவசம்' என்ற பொத்தான் 'பெறுக' என்று பெயர் மாறியது. உள்ளே உண்டிவில்லுக்கு முன் ஒன்றும் மாறவில்லை.

இனி மனுவின் மையம். பழைய ஆங்கிரி பேர்ட்ஸை நிறுவனத்தார் 2019இல் கடைகளிலிருந்து எடுத்துவிட்டனர். பழைய ரசிகர்கள் விடாமல் கேட்டதால், 2022 மார்ச்சில் அதைப் புதிதாகக் கட்டி வெளியிட்டனர். விலை அதே 99 சென்ட். விளம்பரம் இல்லை, ஜெம் இல்லை, உயிர்க் கணக்கு இல்லை. மக்கள் வாங்கினார்கள். ஓராண்டு நிறைவதற்குள், 2023 பிப்ரவரியில், அது கூகுள் பிளேயிலிருந்து நீக்கப்பட்டது. ஆப்பிள் கடையில் 'ரெட்ஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்' என்று பெயர் மாற்றப்பட்டது. பெயரில் பறவையின் பெயர் இருந்தது, ஆங்கிரி பேர்ட்ஸ் என்று தேடி வருபவர் கண்ணில் படும் சொல்தான் இல்லை. தங்களுடைய மற்ற விளையாட்டுகளின் மீது அது ஏற்படுத்திய தாக்கமே காரணம் என்று நிறுவனத்தாரே அறிவித்தனர். ஒப்புதல் வாக்குமூலம் இதைவிடச் சுருக்கமாக எங்கும் கிடைக்காது. காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒன்று, இலவசமாகக் கிடைக்கும் பலவற்றுக்குப் போட்டியாகிவிட்டது. தெருமுனையில் சும்மா கொடுக்கும் மோரைத் தாண்டிப் போய் ஒருவர் காசுக்கு மோர் வாங்கிக் குடித்தால், யோசிக்க வேண்டியது சும்மா கொடுக்கும் மோரில் என்ன கலந்திருக்கிறது என்பதை.

ஆகவே, 99 சென்ட் பதிப்பை அதன் சொந்தப் பெயரிலேயே இரண்டு கடைகளிலும் மறுபடி வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. இரண்டாம் பாகத்தை மூடச் சொல்லவில்லை. ஜெம் வாங்க விரும்புவோர் தாராளமாக வாங்கட்டும். ஒரு முறை காசு வாங்கிக்கொண்டு, அதன்பின் பலகைக்கடிப் பன்றியையும் ஆடுபவரையும் தனியே விட்டுவிடும் ஒரு கதவு பக்கத்திலேயே திறந்திருந்தால் போதும்.

99 சென்ட் இம்மனுவுடன் இணைக்கப்பட்டுள்ளது. ஜெம்மாக மாற்ற வேண்டாம்.