நீ முடி, நான் விடுகிறேன்

மென்பொருள் பிழைகளில் மரியாதை தெரிந்தது டெட்லாக்தான். கிராஷ் என்றால் திரை முழுக்க எண்களைக் கக்கிவிட்டு மெஷினையும் கூட்டிக்கொண்டு சாகும். டெட்லாக்கில் அந்த ஆர்ப்பாட்டமே கிடையாது. எல்லோரும் அவரவர் முறைக்காக அடக்கமாகக் காத்திருப்பார்கள். முறைதான் வராது.

எங்கள் லேபில் ஒரு லினக்ஸ் சர்வரின் நெட்வொர்க் கார்டு இந்தக் கதிக்கு வந்திருந்தது. கார்டை அணைக்கக் கட்டளை தட்டினால் கர்சர் கண்ணடித்துக்கொண்டே இருக்கும். எதையும் தீர்த்துக்கட்டும் என்று பேர்போன 'கில் மைனஸ் 9' போட்டும் அந்தப் புராசஸ் அசையவில்லை. 'டி' நிலையில், அதாவது எந்தச் சிக்னலும் எழுப்ப முடியாத தூக்கத்தில், இருப்பவரைத் தொட எமனுக்கே அதிகாரம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், இன்னொரு கார்டு வழியாகப் பிங் ஜோராகப் போய்வந்துகொண்டிருந்தது. முகவரி மாற்றுவது மாதிரி நிர்வாகக் காரியம் எதையாவது தொட்டால்தான் எல்லாம் உறைந்தது.

இப்படி ஒரு புராசஸ் 120 நொடிக்கு மேல் முடங்கிக் கிடந்தால் கெர்னல் லாகில் புகார் எழுதும். புகாரோடு நிற்காமல், 'இந்தச் செய்தி வேண்டாமென்றால் இந்தக் கோப்பில் 0 எழுதுங்கள்' என்று வழியும் காட்டும். சப்போர்ட் தம்பி அப்படியே செய்துவிட்டு, "சார், இப்ப மெசேஜ் வரலை சார்" என்று டிக்கெட்டை மூடப் போனார். தடுத்து நிறுத்தினேன்.

நடந்தது இதுதான். லினக்ஸில் நெட்வொர்க் நிர்வாகத்துக்கு ஆர்டிஎன்எல் என்றொரு பெரிய பூட்டு உண்டு. கார்டை அணைக்கும்போது கெர்னல் அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டுதான் டிரைவரைக் கூப்பிடும். அனுப்பிய பாக்கெட் போகாமல் கார்டு திணறினால், டிரைவர் ஒரு ரீசெட் வேலையைத் தனியே கிளப்பிவிடும். அந்த வேலைக்கும் அதே பூட்டு வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால், அணைக்கிறவர் 'ரீசெட் முடியட்டும், பூட்டை விடுகிறேன்' என்கிறார். ரீசெட்டோ 'பூட்டை விடு, முடிக்கிறேன்' என்கிறது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம் என்று டிரைவரில் ஆங்காங்கே பிரின்ட் போட்டேன். சீரியல் கன்சோலில் எழுதுகிற தாமதத்தில் இரண்டு பேருக்கும் நேரம் தவறிப்போய்ச் சந்திப்பே நடக்கவில்லை. பிரின்ட்டை எடுத்தால் பிழை வரும், போட்டால் ஒளியும். கடைசியில் லாக்டெப்பைச் சரணடைந்தேன். இங்கோ மோல்னார் எழுதி 2006-இல் கெர்னலுக்குள் வந்த கருவி. எந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று குறித்துவைத்து, சண்டை வருவதற்கு முன்பே சுழற்சியைச் சொல்லிவிடும். வேகத்தைக் குறைக்கும் என்பதால் வாடிக்கையாளர் கெர்னல்களில் அதை அணைத்தே வைப்பார்கள். டெட்லாக் வருவதோ அங்கேதான்.

ரீசெட் முடியக் காத்திருக்கும் அந்த ஒரு வரியை 'நிறுத்து' ஃபங்ஷனிலிருந்து பிடுங்கி, டிரைவரையே கழற்றுகிற இடத்தில், பூட்டுக்கு வெளியே நட்டேன். ரீசெட் வேலை பூட்டு கிடைத்ததும் 'கார்டு இன்னும் ஓடுகிறதா' என்று பார்த்து, இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும். அவ்வளவுதான். அந்த வரியை யார், ஏன் வைத்தார்கள் என்று வரலாற்றைத் தோண்டினால், கார்டை அணைத்த பிறகும் ரீசெட் ஓடிக் கிராஷ் ஆனதைத் தடுக்க வைத்த திருத்தமாம். கத்திக்கொண்டிருந்த பிழையை யாரோ வாயை மூட வைத்திருக்கிறார்.

பேட்ச்சைவிட விளக்கக் குறிப்பு நீளம். இடப்பக்கம் ஒரு சிபியு, வலப்பக்கம் ஒரு சிபியு என்று படமெல்லாம் வரைந்து கெர்னலின் நெட்வொர்க் பகுதியைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினேன். பூட்டு வரிசையைத் துருவித் துருவிக் கேட்பார்கள் என்று பதில்களோடு காத்திருந்தேன். மறுமொழி வந்தது: நெட்வொர்க் கோடில் வேரியபிள் அறிவிப்புகள் நீளமான வரி மேலே, குட்டையான வரி கீழே என்று வரிசையாக இறங்க வேண்டும், உங்களுடையது தலைகீழாக இருக்கிறது, மாற்றி அனுப்புங்கள். பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வரிகளை இடம் மாற்றி அனுப்பினேன், சேர்த்துக்கொண்டார்கள்.