என் மெஷின்ல ஓடுதே தாத்தா!

வாடா பேராண்டி, குந்து. திருநாவலூருக்கு வந்தாலும் லேப்டாப்ப மடியவிட்டு எறக்க மாட்டன்னு சபதமா? நேத்து ராத்திரி போன்ல கத்துனியே, "என் மெஷின்ல ஓடுதே, என் மெஷின்ல ஓடுதே"ன்னு, அடுத்த தெரு வரைக்கும் கேட்டுது. ரொம்ப சந்தோஷம். அப்ப ஒண்ணு பண்ணு. நீ எழுதுன லினக்ஸ் டிரைவர வாங்குனவன் வூட்டுக்கெல்லாம் உன் மெஷினையும் சேத்து அனுப்பி வெச்சிடு. பிரச்சன தீந்துது.

இந்தக் கெழவனுக்கு என்னா தெரியும்னு பாக்குறியா? போன பொங்கலுக்கு நீ வுட்டுட்டுப் போன புஸ்தகம் கெடக்குதே, 'லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்', கார்பெட், ருபீனி, குரோ-ஹார்ட்மன்னு மூணு பேரு எழுதுனது, 2005-ல வந்த மூணாம் பதிப்பு. உன் தங்கச்சி படிச்சி அர்த்தம் சொன்னா, நான் கேட்டுக்கிட்டன். அதுல அஞ்சாம் அதிகாரம் பூரா ரேஸ் கண்டிஷனும் லாக்கும்தான். நீ அடையாளத்துக்கு வெச்ச காயிதம் நாலாம் அதிகாரத்துலயே நிக்குது. நாலாவது, வந்துட்ட பிழையத் தேடற வித்த. அஞ்சாவது, பிழையே வராம பாத்துக்கற வித்த. நீ புத்திசாலிடா. அஞ்சையும் படிச்சிட்டா அப்பறம் தேடறதுக்குப் பிழை ஏது, உனக்குத்தான் வேல ஏது?

ரேஸ்னா என்னான்னு உன் ஆயா கேட்டா. இப்படிச் சொன்னன்: அடுப்புல குழம்பு கொதிக்குது. பெரிய மருமவ நாக்குல வெச்சிப் பாக்குறா, உப்பு இல்ல. எடுத்தார உள்ள போறா. அதுக்குள்ள சின்ன மருமவ வந்து பாக்குறா, உப்பு இல்ல. ரெண்டு பேரும் போட்டாங்க. பாத்ததும் சரி, போட்டதும் சரி, குழம்பு மட்டும் வாயில வெக்க முடியல. பாத்ததுக்கும் போட்டதுக்கும் நடுவுல இருந்த இடைவெளிதான் குத்தவாளி. நீயும் அதத்தான் பண்ணியிருக்க. டிவைஸ் சும்மா இருக்குதான்னு ஒரு வரியில கேக்குற, அடுத்த வரியில என்னுதுன்னு பட்டா எழுதற. நடுவுல இன்னொரு கோர் பூந்து அதே கேள்வியக் கேட்டுட்டு அதே பட்டாவ எழுதிட்டுப் போவுது.

"என் போர்டுல ஒரே கோர் தாத்தா, எனக்கு எதுக்கு லாக்கு"ன்ற. அடடா, என்னா வக்கீலு! இன்டரப்ட் உன்னக் கேட்டுட்டா வரும்? நீ பாதி எழுதிக்கிட்டு இருக்கறப்பவே வந்து அதே பஃபர்ல கைய வெச்சிட்டுப் போயிடும். மிச்ச பாதிய நீ எது மேல எழுதுன, உனக்கே தெரியாது.

சரி, லாக்கு போடறன்னு கெளம்புன. அதுலயும் உன் கைவரிசையப் பாத்தன். ஸ்பின்லாக்கப் புடிச்ச, இன்டரப்ட அணைக்கல. அதே கோர்ல இன்டரப்ட் வந்து அதே லாக்கக் கேக்குது. வெச்சிருக்கறவன் ஓட முடியாம கீழ கெடக்குறான், கேக்குறவன் மேல நின்னு சுத்திக்கிட்டே இருக்கான். இவன் போனாத்தான் அவன் விடுவான், அவன் விட்டாத்தான் இவன் போவான். யுகம் முடிஞ்சாலும் தீராது. இதுக்குன்னே ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ்னு ஒண்ணு செஞ்சி வெச்சிருக்கான். பேரு நீளம்னு வுட்டுட்டியா?

அப்பறம் அந்த ஸ்பின்லாக்கக் கையில வெச்சிக்கிட்டே தூங்குற. "நான் எங்க தூங்குனன்"னு மொறைக்காத. ஜிஎஃப்பி_கர்னல்னு மெமரி கேட்டா அது தூங்கலாம். யூசர் கிட்டருந்து டேட்டாவக் காப்பி பண்ணாலும் தூங்கலாம். தூங்கற சோலி இருந்தா மியூடெக்ஸ் போடு. இன்டரப்ட் ஹேண்ட்லர்ல தூக்கமே கூடாது, அங்க மியூடெக்ஸும் ஆவாது.

ரெண்டு லாக்கு வேணும்னா எல்லா எடத்துலயும் ஒரே வரிசையில புடி. நீயோ இங்க அத முன்னாடி, அங்க இத முன்னாடி புடிக்கிற. ஆளுக்கு ஒண்ணப் புடிச்சிக்கிட்டு அடுத்தவன் கையப் பாத்து நிக்க வேண்டியதுதான். இதப் புடிக்கத்தான் இங்கோ மோல்னார் 2006-ல லாக்டெப்னு ஒரு காவக்காரன வெச்சாரு. முட்டிக்கிட்டு நிக்கணும்னுகூட இல்ல, வரிசை மாறுனாலே கூப்பாடு போட்டுடும். வேகம் கொறையுதுன்னு நீ அத அணைச்சி வெச்சிருக்க. திருடன் புடிபடுற எடத்துல வெளக்கு எதுக்குன்றியா?

"அப்ப மொத்தத்துக்கும் ஒரே பூட்டாப் போட்டுடறன்"ன்ற. அதையும் உனக்கு முன்னாடியே பண்ணிப் பாத்துட்டாங்கடா. 1996-ல லினக்ஸ் 2.0 பல பிராசசர்ல ஓட ஆரம்பிச்சப்ப கர்னல் பூராவுக்கும் ஒரே பூட்டு, பிக் கர்னல் லாக்குன்னு. போட்டது சுளுவு. முழுசாக் கழட்ட 2011 ஆச்சு, 2.6.39 வரைக்கும். அந்தப் பூட்டு எதெதுக்குக் காவல் நிக்குதுன்னு ஒவ்வொரு டிரைவராத் தொறந்து பாக்க வேண்டியிருந்துது. சோம்பேறி போட்ட பூட்டுக்குச் சாவி தேட 15 வருசம்.

படிக்கிறவன் பல பேரு, திருத்தறவன் எப்பவோ ஒருத்தன்னா அதுக்கு வேற வழி இருக்குது, ஆர்சியு. 2002-ல லினக்ஸ் 2.5-ல சேந்துது. பால் மெக்கென்னியோட நம்ம இந்தியா ஐபிஎம்ல இருந்த திபங்கர் சர்மாவும் பாடுபட்டாரு. அதோட சூத்திரம் நம்ம ஊருக்காரனுக்குப் புரியலன்னா வேற எவனுக்குடா புரியும்? இங்க பொறந்த சுந்தரர், கல்யாணப் பந்தல்ல, நீ என் அடிமைன்னு வழக்காட வந்த கெழவர் கையிலருந்து ஆள் ஓலையப் புடுங்கிக் கிழிச்சாரே, திருவெண்ணெய்நல்லூர் சபையில என்னா ஆச்சு? கிழிஞ்சது படி ஓலைன்னுட்டு மூல ஓலைய எடுத்து நீட்டுனாரு கெழவரு. அதனால வழக்கு நின்னுது. ஆர்சியுவும் மூலத்துல கைய வெக்காது. படி ஒண்ணு எடுத்து, அதுல திருத்தி, பாயின்டர அது பக்கம் திருப்பி விடும். பழசப் படிச்சிக்கிட்டு இருந்தவங்க அத்தன பேரும் முடிச்ச அப்பறம்தான் பழசத் தூக்கிப் போடும். நீயோ நாலு பேரு படிச்சிக்கிட்டு இருக்கற ஓலையிலயே அடிச்சித் திருத்தற.

இன்னொரு கூத்து. பிரிண்ட்கே போட்டா பிழை மறஞ்சிடுதுன்னு அந்த பிரிண்ட்கேவையே உள்ள வுட்டுட்டியாமே? பிழை போவலடா. நேரம் தள்ளிப் போனதுல ஒளிஞ்சிக்கிட்டு இருக்குது. அப்பறம், ஓடறப்பவே டிவைஸப் புடுங்கறவன் இருக்கான் பாரு, அவனுக்கும் வழி வை. மொதல்ல ஐஆர்க்யூவ விடுவி, ஓடிக்கிட்டு இருக்கற வொர்க்கையும் டைமரையும் நிறுத்தி அது முடியற வரைக்கும் காத்திரு, அப்பறம் மெமரிய வுடு. நீ தலைகீழாப் பண்ணியிருக்க.

"எப்பவோ ஒரு தடவதான வருது, ரீபூட் பண்ணா போச்சு"ன்னு மட்டும் சொல்லாத. இதுல எனக்கு விளையாட்டு இல்ல. தெராக்-25ன்னு கேன்சருக்குக் கதிர் குடுக்கற மெஷினு, கனடாவுல செஞ்சது. முந்தைய மாடல்ல இருந்த ஹார்டுவேர் காப்ப எடுத்துட்டு, சாஃப்ட்வேரே போதும்னு நம்புனாங்க. 1985-லருந்து 1987 வரைக்கும் ஆறு பேருக்கு அளவு மீறிக் கதிர் பாஞ்சுது. மூணு பேராவது அதனால செத்தாங்க. அந்த சாஃப்ட்வேர்ல இருந்ததும் ரேஸ்தான். மெதுவாத் தட்டுனவனுக்கு அது வரல. கை பழகி, எட்டு செகண்டுக்குள்ள திருத்தி முடிச்ச ஆபரேட்டருக்குத்தான் வந்துது. அவங்க மெஷின்லயும் அதுவரைக்கும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துது.

அதனால தாத்தன் சொல்றன், கேட்டுக்க. வரிக்குப் பூட்டுப் போடாத, டேட்டாவுக்குப் போடு. ஸ்ட்ரக்சர்ல ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துலயே இத எந்த லாக்கு காக்குதுன்னு எழுதி வை. எழுத வரலன்னா அந்த எடத்துல ரேஸ் இருக்குதுன்னு வெச்சிக்க. லாக்டெப்பப் போடு, ரேஸத் தேடிப் புடிக்கன்னே 2020-ல வந்த கேசிஎஸ்ஏஎன்னையும் போட்டு ஓட்டு. ரெண்டும் வாய மூடுன அப்பறம் அனுப்பு. அதுக்கு முன்னாடி அனுப்புனா அது டிரைவர் இல்லடா, அடுத்தவன் வூட்டுக்கு நீ அனுப்பி வெக்கிற வம்பு.