முக்கோண ஏற்றக் கணக்குகளின் வகையியல்

நேர்மாறு முக்கோணவியல் சார்பின்மேல் இன்னொரு முக்கோணவியல் சார்பு ஏறி அமர்ந்திருக்கும் கணக்குகள் சாது, முரடு, வேடதாரி என மூவகைப்படும். கருவிலேயே கலைந்துபோகும் நான்காவது வகை ஒழிபியலில் வரும்.

சாதுக்கணக்குக்கு எடுத்துக்காட்டு, சைன்(நேர்மாறு கொசைன் 3/5). இதைக் கண்டதும் கோணம் எத்தனை பாகை என்று கால்குலேட்டரைத் தட்டுபவர் இந்நூலைக் கற்க உரியவர் அல்லர். அது ஏறக்குறைய 53 பாகை. ஆனால் யாரும் அதைக் கேட்கவில்லை. செங்கோண முக்கோணம் ஒன்று வரைந்து, அடுத்துள்ள பக்கம் 3, கர்ணம் 5 என்று குறித்தால், எதிர்ப்பக்கம் 4 என்று பிதாகரஸ் தருவார். விடை 4/5. கோணம் கடைசிவரை முகம் காட்டாது, காட்டவும் வேண்டாம்.

சாதுக்களின் குலம் மிகச் சிறியது: 3-4-5, 5-12-13, 8-15-17, 7-24-25. வினாத்தாள் எழுதுவோர் பெரும்பாலும் இந்தக் குலத்துக்கு வெளியே பெண் எடுப்பதில்லை. எடுத்தால் டேன்(நேர்மாறு சைன் 2/3) போல் 2/√5 என்று மூலக்குறியோடு விடை வரும். மாணவர் உடனே தம் வழி தவறு என்று சந்தேகப்பட்டு, சரியானதை அடித்துவிடுவார்.

எண்ணுக்குப் பதில் எக்ஸ் நின்றாலும் சாது சாதுவே. கொசைன்(நேர்மாறு டேன் எக்ஸ்) என்பதில் எக்ஸின் கீழே ஒரு 1 போட்டுக்கொண்டால் முக்கால் வேலை முடிந்தது: கர்ணம் √(1+எக்ஸ்²), விடை 1/√(1+எக்ஸ்²). தொகையிடலில் எக்ஸுக்கு டேன் தீட்டாவைப் பிரதியிட்டு உள்ளே போனவர் வெளியே வருவதும் இதே முக்கோணத்தின் வழிதான்.

முரட்டுக்கணக்கில் குறை எண் வரும். டேன்(நேர்மாறு கொசைன்(−3/5)) என்றால் −3 நீளமுள்ள பக்கத்தை எங்கே வரைவது? இங்கே முக்கோணம் பாதி சாட்சிதான். அளவு 4/3 என்று அது சொல்லும், குறியைச் சொல்லாது. குறியைச் சொல்வது முதன்மை மதிப்பின் வீச்சகம். நேர்மாறு கொசைன் 0 முதல் π வரை வாழ்வது. ஆகவே கோணம் இரண்டாம் கால்பகுதியில் கிடக்கிறது, விடை −4/3. ஆனால் கொசைன்(நேர்மாறு சைன்(−3/5)) மிகை 4/5 ஆகும். நேர்மாறு சைனின் குறைக்கோணங்கள் நான்காம் கால்பகுதியில் விழ, அங்கே கொசைன் மிகை. உள்ளே குறை இருப்பதால் வெளியேயும் குறை என்று எழுதுவோர் தொகை பெரிது.

இருவர் இடம் மாறி உட்கார்ந்தால் வேடதாரி. நேர்மாறு சைன்(சைன் 2π/3) ஒன்றையொன்று அடித்துக்கொண்டு 2π/3 தரும் என்று கண் சொல்லும். நேர்மாறு சைனோ π/2-ஐத் தாண்டாது, எனவே π/3. இங்கே முக்கோணம் வரைவது வீண்.

நேர்மாறைக் குறிக்கச் சார்பின் தலையில் இடும் −1-ஐ அடுக்காக எண்ணி, தலைகீழ்ப் பின்னம் எடுப்பவர் எவ்வகையிலும் அடங்கார். அந்தக் குறியீட்டை 1813-இல் அச்சேற்றிய ஜான் ஹெர்ஷலிடம்தான் அவர் முறையிட வேண்டும்.

ஒழிபு: சைன்(நேர்மாறு கொசைன் 2). அடுத்துள்ள பக்கம் 2, கர்ணம் 1. மூன்றாம் பக்கம் √−3 என்று வரும்போதே பென்சிலைக் கீழே வைக்க.